நடுவர்கள் வாசிக்காத பக்கங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னாட்டுப் பாதுகாப்புத் துறையில் முனைவர் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அணு ஆயுத நெருக்கடிகளின்போது தூதர்கள் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதைப் பற்றிய என் கட்டுரை, இளம் ஆய்வாளர்களுக்கான ஒரு பரிசின் இறுதிச் சுற்றோடு நின்றுவிட்டது. இப்போது நடக்கும் போரில் ட்ரோன்களின் பங்கைப் பேசும் கட்டுரைக்குப் பரிசு போயிற்று. இத்தகைய பரிசுகளுக்கு வயது வரம்பு தேவையா? நடுவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களின் பக்கம் சாய்கிறார்களா? நானும் காலத்துக்கேற்ற தலைப்புக்கு மாறிவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

கியூபாவில் சோவியத் யூனியன் வைத்த ஏவுகணைகளால் 1962-இல் அமெரிக்காவும் அதுவும் அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே சென்ற கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றிய நூல்களை மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில் சற்று நீள்கிறது.

முதல் இரண்டு கேள்விகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் 40 வயதை எல்லையாக வைத்திருக்கிறது. ஆவணங்களைத் தேடி அலைய வேண்டிய நம் துறையில், பட்டம் பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிடுவதே நியாயம். பெரிய பல்கலைக்கழகங்களின் பக்கம் சாய்வு உண்டு. ஆசிரியர் பெயரை மறைத்தாலும், யாருக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார் என்ற அடிக்குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. பரிசு பெற்ற அந்தக் கட்டுரையை நீங்கள் முழுவதும் வாசித்தீர்களா? வாசித்ததற்கான தடயம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நடக்கும் போரைப் பற்றியது என்பதாலேயே அது மேலோட்டமானதாகிவிடாது. அதை மனத்துக்குள் இகழ்ந்துகொண்டே அதே தலைப்புக்குத் தாவ நினைப்பது உங்களுக்கு அழகல்ல.

நம் துறையில் சான்றுகள் தாமதமாகத்தான் வந்து சேர்கின்றன. அமெரிக்க அரசியல் அறிஞர் கிரகாம் அலிசன் தம் முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்த்தெடுத்த நூலை 1971-இல் வெளியிட்டார். கியூபா நெருக்கடியை மூன்று கோணங்களில் விளக்கிய அந்நூல் ஒரு தலைமுறைக்கே பாடமாக இருந்தது. ஆனால் துருக்கியிலிருந்த ஜூபிடர் என்னும் அமெரிக்க அணு ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அதிபர் கென்னடி தரப்பு சோவியத் தரப்புக்கு இரகசியமாக வாக்களித்ததை, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியின் நினைவுக்குறிப்புகளைப் பதிப்பித்தபோது தாமே நீக்கிவிட்டதாக அதிபரின் ஆலோசகர் சோரன்சன் ஒப்புக்கொண்டது 1989-இல்தான். சோவியத்தின் குறுந்தொலைவு அணு ஆயுதங்களும் நெருக்கடியின்போது கியூபாவில் இருந்தன என்பது 1992-இல் ஹவானாவில் கூடிய கருத்தரங்கில் வெளிவந்தது. அங்கிருந்த சோவியத் படையினர் ஏறத்தாழ 10,000 பேர் என்று அமெரிக்கா கணித்திருக்க, உண்மையில் 40,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வரலாற்றாசிரியர் பிலிப் ஜெலிகோவுடன் சேர்ந்து அலிசன் அந்நூலைத் திருத்தி எழுதிய பதிப்பு 1999-இல் வந்தது. 1971-இல் ஒரு நடுவர் குழு அந்நூலின் முடிவுகளுக்காக மட்டும் பரிசளித்திருந்தால் பின்னாளில் சங்கடப்பட்டிருக்கும். அதன் கேள்விகளுக்காக அளித்திருந்தால் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு பரிசுக்கு நானும் நடுவராக இருந்தேன். ஓர் இளம்பெண், ஒரே பேச்சுவார்த்தைக்கு இரு தரப்பும் எழுதிவைத்த குறிப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பாளர் மென்மையாக்கிய ஒரு சொல்லில் தம் கருதுகோளே சரிந்துவிட்டதை மறைக்காமல் எழுதியிருந்தார். "புதிதாக ஒன்றுமில்லையே" என்றார் மூத்த நடுவர் ஒருவர். நானும் தலையசைத்தேன். ஏனெனில் அந்தப் பெண்ணின் கட்டுரையில் நான் வாசித்திருந்தது சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டுமே. அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு போர் எப்படி முடியும் என்று உறுதியாகச் சொன்ன கட்டுரைக்குப் பரிசளித்தோம். ஓராண்டுக்குள் அந்தப் போர் வேறு விதமாக முடிந்தது. அது கூட என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி. அவருடைய கட்டுரையை நான் முழுவதும் வாசித்தது அதற்குப் பின்னர்தான்.

அன்றிலிருந்து, கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் ஒன்றையே சொல்லி வருகிறேன். பரிசுத்தொகை சில மாதங்களில் செலவாகிவிடும். தம் ஆய்வை மூத்தவர்கள் நால்வர் முதல் வரியிலிருந்து கடைசி அடிக்குறிப்புவரை வாசித்தார்கள் என்ற உறுதியே இளம் ஆய்வாளருக்கு வேண்டியது. எனவே இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், அவர் தோற்றவராக இருந்தாலும், வாதம் எங்கே வலுவாக நின்றது, எந்த ஆவணம் கிடைத்தால் அது மாறக்கூடும் என்று ஒரு பக்கமாவது எழுதியாக வேண்டும். நேரமில்லை என்பவர்கள் நடுவராக இருக்கச் சம்மதிக்கக் கூடாது. அது எங்களுக்கு ஒரு வாரத்து வேலை, எம்.; உங்களைப் போன்றவர்களுக்கோ அது மூன்றாண்டு உழைப்புக்கான பதில்.

தலைப்பை மாற்றாதீர்கள். மறுபடி போட்டிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம். ஆனால் எனக்கு ஒன்றை அனுப்புங்கள்: இரு தரப்புத் தூதர்களின் குறிப்புகளும் முரண்படும் இடத்தில் எதை நம்பினீர்கள், ஏன் நம்பினீர்கள் என்று சொல்லும் பகுதி. அடிக்குறிப்புகளோடு வாசித்துவிட்டு எழுதுகிறேன், இரண்டு வரிக்கு மேலாகவே.

அன்புடன்