மாடு மேய்க்கவா அமெரிக்கா போனீர்கள்?

நெப்ராஸ்காவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியிலிருந்து ஒரு டாக்டரம்மா எழுதியிருந்தார். இருபத்தைந்து படுக்கை மருத்துவமனையில் வேலை, சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். தொலைவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எட்டு வருட மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் நான்கு வருடமே ஆண்டுக்கு 85,000 டாலர். பெண்ணோ லிங்கனில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேய்ச்சல் நிலமும் கால்நடையும் சேர்ந்த படிப்புதான் வேண்டும் என்கிறாள். கோயம்புத்தூர் பெரியம்மா வாட்ஸப்பில் கேட்டாராம்: "மாடு மேய்க்கவா அமெரிக்கா போனீங்க?" மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும், தூக்கமே இல்லை என்று முடித்திருந்தார்.

உங்கள் தவிப்பு புரிகிறது டாக்டரம்மா. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. சொந்தக்காரர்கள் சொன்னதற்கு இரண்டு பக்கம், மகள் சொன்னதற்கு நாலு வரி. அந்த நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்பது வயதில், பிள்ளைகளுக்குக் கால்நடை வளர்ப்பு போன்றவற்றைக் கற்றுத்தரும் 4-எச் மன்றத்தில் சேர்ந்தாள். பதினான்கு வயதில் ஒரு கன்றை வளர்த்து கவுன்டி (நம் மாவட்டம் போல) திருவிழாவில் காட்டினாள், ஏலத்தில் விற்றாள், அன்று இரவு அழுதாள். தீவனச் செலவு, எடை எல்லாம் எழுதிய நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் கன்று பிடிக்கக் கற்றுத் தருகிறாள். அடுத்த வரியிலேயே நீங்கள் எழுதுகிறீர்கள்: "ரத்தம் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்." அவளையா எட்டு வருடம் மருத்துவத்துக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்?

மருத்துவம் இல்லையென்றால் கால்நடை மருத்துவமாவது என்பது உறவினர்கள் இறங்கிவரும் சமரசம். அதிலும் ரத்தம் உண்டு.

அந்தப் படிப்பை முடித்து அவள் போக நினைப்பது எக்ஸ்டென்ஷன் வேலை. நம் ஊரில் வேளாண் விரிவாக்கம் என்றால் மானியப் பட்டியலோடு வரும் உதவி வேளாண்மை அலுவலர்தான் நினைவுக்கு வருவார். இது வேறு. 1914-ல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுன்டி மூன்றும் பணம் போட்டு நடத்தும் ஏற்பாடு. எக்ஸ்டென்ஷன் ஆளிடம் மானியமும் இல்லை, அபராதப் புத்தகமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததைப் பண்ணைக்காரருக்குப் புரியும்படி சொல்வதுதான் வேலை. பிள்ளைகளுக்கான 4-எச் மன்றமும் இதே அலுவலகத்தின் கீழ்தான். உங்கள் மகள் இத்தனை வருடமாக அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

உங்கள் பகுதியில் இந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். செர்ரி கவுன்டி ஒன்று மட்டுமே கோயம்புத்தூர் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு பரப்பு. மனிதர்கள் ஆறாயிரத்துக்கும் குறைவு, மாடு அதற்குப் பல மடங்கு. (இதைப் பெரியம்மாவுக்கு அனுப்பலாம்.) சாண்ட்ஹில்ஸ் முழுக்க மணல்மேடு, மேலே புல் போர்த்தியிருப்பதால் அசையாமல் கிடக்கிறது. ஒரே இடத்தில் அதிகம் மேய்த்துப் புல்வேர் போனால் காற்று மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும், அது ஆண்டுக்காண்டு அகலும். கன்றோடு இருக்கும் ஒரு பசுவுக்கு மாதம் சுமார் 350 கிலோ உலர்ந்த புல் வேண்டும். இந்த மேய்ச்சலில் எத்தனை மாடு, எத்தனை நாள், வறட்சி வந்தால் எந்த மாட்டை முதலில் விற்பது என்ற கணக்கில்தான் ஒரு குடும்பத்தின் வருடம் அடங்கியிருக்கிறது.

வறட்சியில் இன்னொரு ஆபத்து. நீர் இல்லாமல் வாடிய சோளத்தட்டையில் நைட்ரேட் ஏறிவிடும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி ரத்தத்தைக் கெடுக்கும். மெத்ஹீமோகுளோபின் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் தீவனம் போட்டு மாலைக்குள் மாடுகள் சாயலாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, வந்த எண்ணைப் பார்த்து, "இதை நல்ல வைக்கோலோடு இந்த அளவில் கலந்து போடுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். நீங்கள் மருத்துவமனையில் செய்வதிலிருந்து இது அப்படி ஒன்றும் தூரமில்லை.

வழி இதுதான்: லிங்கனில் நான்கு வருடம். உள்மாநில மாணவிக்குக் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைச் சுற்றி, தங்கும் செலவு தனி. கோடை விடுமுறையில் எக்ஸ்டென்ஷனிலேயே இன்டர்ன்ஷிப். உதவியாளர் பணிக்கு இளநிலைப் பட்டம் போதும், எஜுகேட்டர் (விரிவாக்கக் கல்வியாளர்) ஆக முதுநிலை வேண்டும். ஆராய்ச்சி உதவியாளராக இடம் கிடைத்தால் முதுநிலைக்குக் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் வரும். அவள் அங்கேயே பிறந்தவள் என்பதால் மத்திய அரசின் மேய்ச்சல் நில நிபுணர் வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

குறைகளையும் மறைக்கவில்லை. சம்பளத்தை ஆசிரியர்களோடு ஒப்பிடுங்கள், உங்களோடு வேண்டாம். மாலைக் கூட்டங்கள் உண்டு, திருவிழா மாதத்தில் ஞாயிறு என்பதே கிடையாது. அரசுகள் பட்ஜெட்டை வெட்டினால் பதவியும் ஆடும். அப்புறம், நீங்கள் சைவக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலை கடைசியில் இறைச்சிக்கு மாடு வளர்ப்பவர்களுக்கானது. ஏலத்தன்று அழுதவள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று கேளுங்கள். அது அவள் முடிவு செய்ய வேண்டியது, நீங்களோ பெரியம்மாவோ அல்ல.

பணத்தில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். நான்கு வருடத்துக்கு 3,40,000 டாலர், அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக் கட்டணம். பாதிக்குக் கடன் வாங்கலாம் என்கிறீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட்டு, பெண் ஆசைப்படாத படிப்புக்கு ஏன் கட்ட வேண்டும்? வாட்ஸப்பில் ஆலோசனை சொன்னவர்களில் எத்தனை பேர் தவணை கட்ட வருவார்கள்? பட்டம் முடித்தபின் மருத்துவ ஆசை வந்தால் அவளே நுழைவுத் தேர்வு எழுதட்டும். லிங்கனில் படித்ததால் அந்தக் கதவு மூடிவிடாது.

முன்பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். உங்கள் கவுன்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, மகள் மூன்று நாள் உடன் வரலாமா என்று கேளுங்கள். ஒரு நாள் பண்ணை, ஒரு நாள் அலுவலக மேசை, ஒரு நாள் 4-எச் கூட்டம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் எதைப் பற்றி முதலில் பேசுகிறாள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். இந்த முறை அவள் பேச்சுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.