கணக்கில் வராத நான்கு வருடம்

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி., எம்.பில். (கணிதம்) முடித்தவள். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான்கு வருடமாக உதவிப் பேராசிரியர். சம்பளம் 14,000 ரூபாய். 'இந்த அனுபவத்துக்கு அரசுக் கல்லூரி வேலையில் மார்க் உண்டு, பொறுத்திருங்கள்' என்கிறது நிர்வாகம். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் காலியிடம் என்று படிக்கிறோம், எடுப்பதாகத்தான் தெரியவில்லை. இதற்கிடையே சேலம் பக்கம் உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர இடம் வாங்கித் தருவதாக ஒருவர் லட்சக்கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: பணம் கேட்பவரைக் கடைசியில் கவனிப்போம். முதலில் அந்த மார்க். உங்கள் மகளின் நான்கு வருட அனுபவத்துக்கு இன்றைய நிலையில் கிடைக்கக்கூடியது பூஜ்யம். கல்லூரி நடத்துகிறவர்களுக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

உதவிப் பேராசிரியருக்கான தகுதியை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் சொல்கின்றன: முதுநிலையில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசிய அளவிலான தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது) தேர்ச்சி, இல்லாவிட்டால் விதிப்படி வாங்கிய பிஎச்.டி. பல்கலைக்கழகத் துறைகளில் பிஎச்.டி. கட்டாயம் என்று இடையில் மிரட்டிக்கொண்டிருந்தார்கள்; அதுவும் 2023 ஜூலை முதல் விருப்பத்துக்குரியதாகிவிட்டது. இந்தப் பட்டியலில் எம்.பில். எங்கேயும் இல்லை. இருந்த காலம் ஒன்று உண்டு. 2006-இல் வந்த ஒரு திருத்தம், எம்.பில். இருந்தால் இளநிலை வகுப்பு எடுக்க நெட் வேண்டாம் என்றது. 2009-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த மூன்று வருடச் சலுகையின் ஞாபகத்தில்தான் அதன் பிறகும் நம் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக எம்.பில். சேர்ந்தார்கள். 2022 விதிகள் எம்.பில். படிப்பையே மூடிவிட்டன. வாங்கிய பட்டம் செல்லும், வேலைக்கான தகுதியாகாது.

அனுபவத்துக்கு வருவோம். ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டபோது மொத்தம் 34 மதிப்பெண்: அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்முகத்துக்கு 10. அனுபவத்தில் வருடத்துக்கு 2 வீதம், ஏழரை வருடம் வரை. உங்கள் மகளின் கல்லூரி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது இந்தப் பழைய கணக்கைத்தான். அந்தக் கணக்கிலும், நெட், செட், பிஎச்.டி. ஆகியவற்றில் ஒன்று கைக்கு வந்த தேதியிலிருந்துதான் அனுபவம் ஓடத் தொடங்கும். அதற்கு முன் பத்து வருடம் சாக்பீஸ் பிடித்திருந்தாலும் சேராது. போதாததற்கு, கல்லூரி தரும் அனுபவச் சான்றில் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டும். நமக்கு அந்த அலுவலகம் தருமபுரியிலேயே இருக்கிறது.

அந்த 2019 தேர்வும் முடிவு காணாமலே போய்விட்டது. பிறகு முறையை மாற்றி எழுத்துத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, தேர்வு தள்ளிப்போனது, 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிதாக அறிவித்தார்கள். எழுத்துத் தேர்வு வந்த பிறகு எல்லாரும் முதலில் கேள்வித்தாளைத் தாண்டியாக வேண்டும். ஒவ்வொரு அறிவிக்கையிலும் விதி மாறுகிறது. நண்பர் அனுப்பிய வாட்ஸப் சுருக்கத்தைப் படிக்காமல் முழு அறிவிக்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

காலியிடம் இருந்தும் ஏன் எடுப்பதில்லை என்கிறீர்கள். வழக்கு, நிர்வாகத் தாமதம் என்று காரணம் பல உண்டு. அவற்றின் அடியில் ஒரு எளிய கூட்டல் இருக்கிறது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். அகவிலைப்படி சேர்க்காமலே வருடத்துக்கு 6,92,400. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000, அதுவும் 11 மாதம்: வருடத்துக்கு 2,75,000. ஒரு நிரந்தர ஆளின் அடிப்படை ஊதியத்தில் இரண்டரைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துக்கொள்ளலாம். மானியக் குழுவோ 2019-லேயே ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று எழுதிவிட்டது. எழுதியது எழுதியபடி இருக்கிறது.

கணிதத்துக்கு இன்னொரு தொல்லை. கல்லூரியில் எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதை மாணவர் தலையை எண்ணி முடிவு செய்வதில்லை, மணியை எண்ணித்தான் முடிவு செய்கிறார்கள். நம் கலைக் கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு வாரம் 30 மணி. உதவிப் பேராசிரியரின் நேரடி வகுப்புச் சுமை வாரம் 16 மணி. பி.எஸ்சி. கணிதம் ஓடினால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வாரம் 90 மணி. அதில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 24 போகும். துணைப்பாடத்தையும் கழித்தால் ஐம்பது மணிச் சொச்சம் கணிதத் துறைக்கு நிற்கும். மூன்று பேருக்கு வேலை. முதலாண்டில் ஆள் சேராமல் அந்தப் படிப்பை மூடினால், மூன்று வருடத்தில் அந்த மூன்று இடமும் கரைந்துவிடும். எஞ்சுவது பி.சி.ஏ.வுக்கும் கணினி அறிவியலுக்கும் எடுக்கும் துணைக் கணிதம். இன்றைக்குச் சுயநிதிக் கல்லூரி விளம்பரங்களில் கணினி, வணிகவியல், செயற்கை நுண்ணறிவு என்று கொட்டை எழுத்தில் வருவதும், கணிதம் 'ஒருவர்' என்று மூலையில் வருவதும் இதனால்தான். தமிழும் ஆங்கிலமும் மட்டும் தப்பித்தன. எந்தப் படிப்பைத் திறந்தாலும் அந்த மணிகள் கூடவே வரும். ஆகவே உங்கள் மகள் பார்க்க வேண்டியது, கல்லூரியில் மொத்தம் எத்தனை மாணவர் என்பதை அல்ல, இந்த வருடம் கணிதம் முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை. ஏப்ரலில் ஆசிரியர்களைப் பாலக்கோடு, பென்னாகரம் என்று ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறார்களே, அந்தப் பயணத்திலேயே அவருக்கு விடை தெரிந்திருக்கும்.

இனி அந்த 14,000. சம்பள ரசீதை எடுத்துப் பாருங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்லூரி வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்தாக வேண்டும். 15,000-க்குள் சம்பளம் வாங்குபவரை விட்டுவிட முடியாது. முழுத் தொகைக்கும் பிடித்தால் மகள் பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். நிர்வாகமும் அதே 1,680 போட வேண்டும். அதில் 1,166 ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 514 வைப்பு நிதிக்கும் போகும். இங்கே நடக்கும் வழக்கமான தில்லுமுல்லு, இரண்டு பங்கையும் ஊழியர் சம்பளத்திலேயே பிடிப்பது. அது சட்டவிரோதம். வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து பாஸ்புக்கைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பாஸ்புக்குக்கு இன்னொரு பயனும் உண்டு: எந்தக் கல்லூரியில் எந்த மாதம் சேர்ந்தார், இடையில் எந்த மாதம் விட்டுப்போனது என்று அதில் பதிந்திருக்கும். நாளை நிர்வாகம் மாறி, 'அப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவில்லை' என்று கைவிரித்தால் பேசுவது அந்தத் தாள்தான். மே மாதச் சம்பளத்தை வெட்டி, ஜூனில் புது உத்தரவு தருகிற பழக்கம் இருந்தால் அதுவும் அதில் ஓட்டையாகத் தெரியும்.

ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு. ஆசிரியருக்கு அது கிடையாது என்பது பழங்கதை. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே பொருந்தும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் 2022-இல் அதை உறுதி செய்தது. கணக்கு இது: கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும், அதில் 26-இல் 15 பங்கு, பெருக்கல் பணிபுரிந்த வருடம். 26,000 ரூபாயில் ஆறு வருடம் என்றால் 90,000. நான்காவது வருடக் கடைசியில் 'ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்' என்று சொன்னால் எதற்கு என்று இப்போது புரியும்.

அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலமாரியில் இருந்தால் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். சான்றிதழ் ஈடு வைக்கும் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. எழுத்தில் கேட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

சரி, தகுதிக்கு வழி என்ன? கணிதத்துக்கு நெட் என்றால் சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அறிவியல், தொழில் ஆய்வுக் குழு) சார்பில் தேசியத் தேர்வு முகமை நடத்தும் கணித அறிவியல் தாள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். பொதுப் பகுதியில் 20 கேள்வியில் 15, தலா 2; இரண்டாம் பகுதியில் 40-இல் 25, தலா 3; மூன்றாம் பகுதியில் 60-இல் 20, தலா 4.75. முதல் இரண்டிலும் தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். மூன்றாவதில் கழியாது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கும், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நேரியல் இயற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் ஆழமாகத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது: 2024 முதல் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று ஒரு தேர்ச்சிப் பிரிவு வந்திருக்கிறது. அதில் தேறியவர் உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதியானவர் இல்லை. 'நெட் பாஸ்' என்று ஊருக்கு இனிப்பு கொடுப்பதற்கு முன் மதிப்பெண் சீட்டில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். இட ஒதுக்கீடு கேட்பதானால் நம் எம்.பி.சி. சாதிச் சான்று அங்கே எடுபடாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றை இ-சேவையில் தனியாக வாங்க வேண்டும்.

மாநில செட் தேர்வில் தவறுக்குக் கழிவில்லை: முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். ஆனால் வருடா வருடம் நடப்பதில்லை. 2024 ஜூனில் நடக்க வேண்டியது 2025 மார்ச்சில்தான் நடந்தது. வந்தால் விடக் கூடாது. ஓசூர்க்காரர்கள் பக்கத்தில்தானே பெங்களூர் என்று கர்நாடக செட் எழுதுகிறார்கள், கிருஷ்ணகிரிக்காரர்கள் குப்பம் வழியாக ஆந்திரத்தை எட்டிப் பார்க்கிறார்கள். 2002 ஜூனுக்குப் பிறகு நடந்த செட் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். அங்கேயே வேலை தேடுவதாக இருந்தால் எழுதலாம்.

பகுதிநேர பிஎச்.டி. மூன்றாவது வழி. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் பொதுவாக ஆறு. வேலையில் இருப்பவர் கல்லூரியின் தடையின்மைச் சான்று கொடுக்க வேண்டும். அதைக் காட்டியே ஆளைக் கட்டிப்போடும் நிர்வாகங்கள் உண்டு. சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. தொலைதூர முறையில் பிஎச்.டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

இப்போது லட்சம் கேட்பவர். உதவிபெறும் கல்லூரியில் ஓர் இடத்தை நிரப்ப அது அரசு அனுமதித்த பணியிடமாக இருக்க வேண்டும், நிரப்ப அனுமதி வேண்டும், விளம்பரம் வேண்டும், தேர்வுக் குழு உட்கார வேண்டும், பல்கலைக்கழகம் தகுதி ஒப்புதல் தர வேண்டும்; அதன் பிறகுதான் இணை இயக்குநர் அலுவலகம் சம்பள மானியத்துக்குக் கையெழுத்திடும். எம்.பில். மட்டும் வைத்திருக்கும் உங்கள் மகளின் கோப்பு தகுதி ஒப்புதலிலேயே திரும்பிவிடும். அவர் காட்டும் நியமன உத்தரவு, நிர்வாகம் தன் கையிலிருந்து தொகுப்பூதியம் கொடுக்கும் வேலைக்கானதாகத்தான் இருக்க முடியும். அந்த வேலை உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுக்காமலே.