இரும்புப் பூவேலை: வாசகர் கேள்வி பதில்

கேட் செய்ய இரண்டு பட்டறைகளில் விலை கேட்டேன். இரண்டு பேரும் ‘ராட் அயர்ன், முழுக்கக் கைவேலை’ என்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்லும் விலை மற்றவரைப்போல மூன்று மடங்கு. எதைப் பார்த்து முடிவு செய்வது?
*வாசகர், கோயம்புத்தூர்*

உலோகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு பேரும் வாங்குவது மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண எஃகுதான். ‘ராட் அயர்ன்’ என்ற பெயருக்கு உரிய, பழைய வேலைகளுக்குப் பயன்பட்ட தேனிரும்பு வேறு பொருள்: கார்பன் மிகக் குறைவு, உள்ளே கசடு இழை இழையாக ஓடியிருக்கும். அதைப் பெருமளவில் தயாரிக்க வழி செய்தது ஹென்றி கார்ட் 1784இல் காப்புரிமை பெற்ற உலை முறை. 1889இல் எழுந்த ஈஃபில் கோபுரமும் அந்த வகை இரும்புதான். எஃகு மலிவானதும் தேனிரும்புக்கு ஆளில்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் போல்டன் நகரில் மிஞ்சியிருந்த ஆலையும் 1970களில் நின்றுவிட்டது. இன்று தேனிரும்பு வேண்டுமென்றால் பழைய பாலம், நங்கூரச் சங்கிலி போன்றவற்றைக் காய்ச்சி மறுபடி உருட்டித்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே மூட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டறையிலும் முடிந்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி, முதலில் பின்பக்கம் போய் நில்லுங்கள். சுருளும் சுருளும் தொடுகிற இடத்தில் வெல்டிங் மணி (உருகி உறைந்த புடைப்பு) தெரிந்து, அதை மறைக்க முன்பக்கம் மட்டும் ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அது பூண், அதாவது கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பட்டை, அல்ல. உண்மையான பூண் நான்கு பக்கமும் சுற்றி இறுகியிருக்கும். அடுத்து சுருளின் நுனி. இயந்திரத்தில் வளைத்த சுருள், கம்பியை அறுத்த தடிப்பிலேயே முடியும். அடித்துச் செய்தது நுனியை நோக்கி மெலிந்துகொண்டே வரும். மூன்றாவது, ஒரு கம்பிக்குள் இன்னொரு கம்பி நுழைகிற இடம். காய்ச்சி உளியால் பிளந்து விரித்த துளையைச் சுற்றிக் கம்பி இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். அங்கே இரும்பு ஒதுங்கியிருக்கிறதே தவிர குறையவில்லை. டிரில் போட்ட துளையில் புடைப்பு இராது, அந்த இடமே கம்பியின் பலவீனமான இடமாகிவிடும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மூன்று மடங்கு விலை நியாயமானதே. வேலையின் மணிக்கணக்கு முழுவதும் மூட்டுகளில்தான் போகிறது.

பாலிடெக்னிக் மாணவன். 12 மி.மீ. சதுரக் கம்பியில் சுருள் செய்யப் பழகுகிறேன். நுனி பிளந்துவிடுகிறது, வளைவு முண்டும் முடிச்சுமாக வருகிறது. இரண்டு சுருள்கள் ஒன்றுபோல் அமைவதே இல்லை.
*வாசகர், சேலம்*

மூன்று தொல்லைக்கும் மூன்று காரணம்.

முதலில் அளவு. சுருளை முழு அளவில் ஒரு தகட்டின் மேல் சாக்பீசால் வரையுங்கள். நூலைக் கோட்டின் மேல் ஓட்டி நீளம் எடுங்கள். நுனி மெலியும் பகுதிக்குத் தனிக் கணக்கு உண்டு. 12 மி.மீ. சதுரம் 150 மி.மீ. தூரத்தில் 4 மி.மீ. சதுரமாக மெலிய, மூலக்கம்பியில் 72 மி.மீ. போதும். காய்ச்சும்போது மேற்பரப்பு கருஞ்செதிலாகக் கழிவதையும் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எல்லாத் துண்டிலும் சென்டர் பஞ்ச் (புள்ளிக்குழி இடும் கூர்முனைக் கருவி) அடித்துக் குறித்துக்கொண்டு, எல்லா நுனிகளையும் அடித்து முடித்து, நீளத்தைச் சரிபார்த்த பிறகுதான் முதல் சுருளை வளைக்க வேண்டும். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் ஜோடி சேராது.

நுனி பிளப்பது ஏன்? சுத்தியல் மேற்பரப்பைத்தான் அதிகம் தள்ளுகிறது, நடுப்பகுதி பின்தங்குகிறது. இதனால் முனை குழிந்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து உள்ளே பிளவாகிவிடும். கம்பியின் கடைசி 10 மி.மீ.ஐ மட்டும் முதலில் மொட்டையான கூராக அடியுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி வந்து நீட்டுங்கள். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், ஏறத்தாழ 1100 டிகிரி செல்சியஸில் அடிக்கத் தொடங்கி, மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு முறை அடித்ததும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்புங்கள். கம்பி சாய்சதுரமாகிவிட்டால் தட்டைப் பக்கத்தை அடிப்பதில் பயனில்லை. நீண்டு நிற்கும் மூலையைப் பட்டடையில் (இரும்பை வைத்து அடிக்கும் கட்டை) நிறுத்தி அடித்தால் சதுரம் திரும்பி வரும்.

வளைவில் முண்டு விழுவது சூடு சமமாக ஏறாததால். கம்பி எங்கே அதிகம் காய்ந்திருக்கிறதோ அங்கேதான் வளையும். ஊதுலையில் நெருப்பு ஓரிடத்தில் குவிவதால் கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, 200 மி.மீ. நீளம் ஒரே ஆரஞ்சு நிறமாக வரும்வரை பொறுங்கள். முதலில் கண், அதாவது சுருளின் நடுப்புள்ளி. நுனியைப் பட்டடையின் விளிம்புக்கு வெளியே நீட்டிக் கீழ்நோக்கித் தட்டி, திருப்பிப் போட்டு உங்களை நோக்கி உருட்டுங்கள். கண் அமைந்ததும் அதைச் சுருள் வடிவில் செய்துவைத்த அச்சில் மாட்டிச் சுற்றுங்கள். அடுத்த சூட்டின்போது மெலிந்த பகுதிதான் முன்னதாகக் காயும், தொட்டால் விரிந்துபோகும். அந்தப் பகுதியை மட்டும் தண்ணீரில் ஒரு முறை நனைத்துவிட்டு வளையுங்கள்.

சோதிக்க ஒரே வழி, சுருள்களின் இடைவெளி. கண்ணிலிருந்து வெளியே வர வர இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் குறைந்து மறுபடி கூடினால் கண்ணுக்கு உறுத்தும். சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் பிசகு எங்கே என்று உடனே தெரியும்.

பூணுக்குப் பட்டை வெட்ட என்ன கணக்கு? ரிவெட்டுக்கு எவ்வளவு நீட்டு விட வேண்டும்?
*வாசகர், திருச்சி*

பூண்: சேர்க்க வேண்டிய கம்பிகளின் மொத்தச் சுற்றளவுடன் பட்டைத் தடிப்பைப்போல 2 முதல் 2½ மடங்கு கூட்டுங்கள். இரண்டு 12 மி.மீ. கம்பிகள் ஒட்டி நின்றால் சுற்றளவு 72. பட்டை 5 மி.மீ. என்றால் 82 முதல் 84 மி.மீ. வரும். மூலை எவ்வளவு கூர்மையாக மடங்குகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் ஒன்றை வெட்டி மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள். சூடாகவே மாட்டி அடித்தால் ஆறும்போது சுருங்கி இறுகும். ஆறிய பட்டையை மாட்டினால் ஆடும்.

ரிவெட் (துளையில் நுழைத்து, வெளியே நீளும் முனையை அடித்துத் தலையாக்கும் ஆணி): உருண்டைத் தலைக்கு விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு. 8 மி.மீ.க்கு 12 மி.மீ. நீட்டு. துளை அரை மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். துளை தளர்வாக இருந்தால் ரிவெட் உள்ளேயே வளைந்து தலை ஒருபக்கமாகச் சாயும்.

எங்கள் பழைய வீட்டு ஜன்னல் கிராதியில் ஒரு கொடி உடைந்துவிட்டது. வெல்டிங் செய்தோம், மறுநாளே பக்கத்தில் விரிசல் விட்டது.
*வாசகி, காரைக்குடி*

அது வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். எல்லாப் பூக்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்து, ஓரத்தில் அச்சின் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். உடைந்த முகத்தையும் பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாமல் சட்டென்று ஒடிந்து, சாம்பல் நிறத்தில் பொடி மணலாகத் தெரியும். தேனிரும்பு வளைந்து வளைந்து, மூங்கிலைப் பிளந்ததுபோல் நார்நாராகக் கிழியும்.

வார்ப்பிரும்பில் கார்பன் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வெல்டிங் சூடு பட்ட இடம் கண்ணாடிபோல் இறுகி, ஆறுகையில் வெடிக்கிறது. செய்தே தீர வேண்டுமென்றால் நிக்கல் வெல்டிங் ராடு, ஒரு தடவைக்கு 25 மி.மீ. நீளம், ஒவ்வொரு மணியையும் மெல்லத் தட்டிவிடுதல், பிறகு காய்ந்த சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிடுதல். கிராதி பாரம் தாங்காத பொருள் என்பதால் என் யோசனை வேறு: பின்னால் 3 மி.மீ. தடிப்பில் ஒரு பட்டையை வளைவுக்கேற்ப அடித்து, திருகு போட்டு இணைத்துவிடுங்கள். முன்னிருந்து தெரியாது, பிற்பாடு கழற்றவும் முடியும்.

பழைய பெயின்டை நெருப்பால் எரித்து எடுக்கவே கூடாது. அந்தக் காலத்து அடிப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. பூண் போட்ட இடங்களிலிருந்து துருநீர் வடிகிறது. மொத்தமாக கால்வனைஸ் செய்துவிடலாமா?
*வாசகர், நாகப்பட்டினம்*

கோத்து முடித்த வேலையை வேண்டாம். கால்வனைஸ் என்பது உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூசுவது. துத்தநாகத் தொட்டிக்கு முன் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். பூணுக்குள் புகுந்த அமிலம் வெளியேறாமல் மாதக்கணக்கில் கசியும். கால்வனைஸ் வேண்டுமானால் மூடிய இடுக்கே இல்லாத வடிவமைப்பை முதலிலேயே தேர்ந்திருக்க வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: துருவோடு கருஞ்செதிலையும் சேர்த்துச் சுத்தமாக எடுங்கள். செதிலின் மேல் பூசிய பெயின்ட் செதிலோடு பெயர்ந்து வரும். துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமரை முதல் கையில் நீர்க்கக் கலந்து பூணின் இடுக்குகளில் ஓட விடுங்கள். காய்ந்ததும் வழக்கமான பதத்தில் இன்னொரு கை. பின் இடுக்கின் வாயை பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடைத்து, எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன் பெயின்ட். பூணின் மேல்விளிம்பில் தண்ணீர் தங்காதபடி சீலன்ட்டைச் சரிவாக வழியுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினாலே உப்பு சேர்வது பாதியாகும்.

கல்லில் ஊன்றிய கால்களையும் கவனியுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் பிளந்துவிடும். புதிதாக ஊன்றும்போது கல்லுக்குள் 316 ரக ஸ்டெயின்லெஸ் முளையைப் பதித்து, இரும்பைத் தரைக்கு மேலேயே நிறுத்திவிடுங்கள்.

தில்லி இரும்புத் தூண் மட்டும் ஏன் துருப்பிடிப்பதில்லை?
*வாசகி, வேலூர்*

அதில் பாஸ்பரஸ் அதிகம். அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாக உதவுகிறது. தில்லியின் வறண்ட காற்றும் துணை. மண்ணுக்குள் இருந்த பகுதியில் துரு உண்டு. நாகப்பட்டினத்தில் நட்டிருந்தால் கதை வேறு.

லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை இரும்புத் திரையின் படத்தில் இலைகள் துணிபோல் மடிந்திருக்கின்றன. அது வார்ப்பா, அடித்ததா? நம் பட்டறையில் செய்ய முடியுமா?
*வாசகர், மதுரை*

அடித்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷான் தீஷூ என்ற பிரெஞ்சுக் கொல்லர் தகட்டில் புடைத்த வேலை அது. பிரான்சின் நான்சி நகரச் சதுக்கத்தில் ஷான் லமூர் 1750களில் செய்த பொன்பூசிய கதவுகளிலும் இதே கையாட்சியைக் காணலாம்.

தாராளமாகச் செய்யலாம். 1.6 மி.மீ. தகட்டில் இலையை வரைந்து, இதழுக்கும் இதழுக்கும் நடுவில் வெட்டு முடிகிற புள்ளியில் முதலில் 3 மி.மீ. துளை போடுங்கள். துளை இல்லாமல் வெட்டினால் மடிக்கும்போது அந்தக் கூர் மூலையிலிருந்துதான் கிழியும். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, மரக்கட்டையில் தோண்டிய குழியில் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் நடுவிலிருந்து வெளியே அடியுங்கள். நரம்புகளுக்கு மழுங்கிய உளி. ஈயக் கட்டியின் மேல் அடிப்பவர்கள் உண்டு. ஆனால் தகட்டில் ஒட்டிய ஈயம் அடுத்த சூட்டில் புகையாகும், மரமே போதும். கெட்டியாகிவிட்டதென்று கை சொன்னால் மறுபடி காய்ச்சுங்கள்.

காம்புக்கு 30 மி.மீ. வால் விட்டு அதைக் கம்பியைச் சுற்றி மடித்து, வெங்காரம் தூவி உலையிலேயே காய்ச்சி ஒட்டவைக்கலாம். தகடு கம்பிக்கு முன் எரிந்துபோகும் என்பதால் முதலில் கம்பியைத் தனியே நன்கு காய்ச்சி, இலையைக் கோத்தபின் கம்பிப் பக்கம் நெருப்பின் அடியிலும் இலை மேலேயும் இருக்கும்படி வையுங்கள். இந்தச் சூடு கைவரும்வரை 5 மி.மீ. ரிவெட் இரண்டு போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் இலை காற்றில் திரும்பும்.