சரிஞ்சு போன யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறையை எங்கேர்ந்து கட்ட ஆரம்பிக்கணும்?

கேள்வி இது தான்: அமெரிக்க யுனிவர்சிட்டி ஒண்ணுல விளையாட்டுத் துறை மொத்தமா படுத்துடுச்சு, டீம் தோக்குது, கடன் ஏறுது, கோச்சுங்க கிளம்பிட்டே இருக்காங்க, புதுசா வர்ற டைரக்டர் முதல்ல எதுல கை வைக்கணும்?

நான் அப்படி ஒரு துறையில ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். அரசு யுனிவர்சிட்டி, டிவிஷன் ஒன் (காலேஜ் விளையாட்டுல மேல் மட்டப் பிரிவு), பேர் வேண்டாம். விளையாடற பிள்ளைங்களோட படிப்பைப் பார்த்துக்கற அட்வைசர் வேலை, யார் என்ன கோர்ஸ் எடுத்திருக்காங்க, எத்தனை கிரெடிட் முடிஞ்சிருக்கு, இந்த செமஸ்டர் ஆடத் தகுதி இருக்கா இல்லையான்னு கணக்கு வச்சுக்கணும். அந்த ஒன்பது வருஷத்துல மூணு அத்லெடிக் டைரக்டர் வந்தாங்க (அங்க எல்லாரும் ஏடின்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதறேன்). மூணாவதா வந்தவங்க ஒரு அம்மா, அவங்க தான் நிமிர்த்தினாங்க. அதனால அவங்க செஞ்சதை வச்சே பதில் சொல்றேன்.

என் பதில் ஒரு வரியில: பிள்ளைங்களோட உடம்பு, படிப்பு, இந்த ரெண்டையும் கோச் கையிலேர்ந்து எடுக்கணும். பணம், ஜெயிக்கறது, ஸ்டேடியம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல் ரெண்டு ஏடியும் கெட்டவங்க இல்ல, நல்லா உழைச்சாங்க. ஆனா ரெண்டு பேரும் வந்த உடனே ஒரே காரியத்தைத் தான் பண்ணாங்க, ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு மோதி ஆடற அமெரிக்க ஃபுட்பால்) கோச்சை மாத்தினாங்க. கோச்சை நடுவுல அனுப்பினா மீதி காண்ட்ராக்ட்டுக்கு காசு குடுக்கணும், பைஅவுட்னு சொல்லுவாங்க, 2023ல டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி ஜிம்போ ஃபிஷரை அனுப்பினப்போ அது சுமார் 7.6 கோடி டாலர்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு. அவங்க பணக்கார யுனிவர்சிட்டி, தாங்குவாங்க. எங்களை மாதிரி இடத்துல அதுல ஒரு துளி குடுத்தாலே வேற எங்கயோ ஓட்டை விழும், எங்களுக்கு விழுந்த இடம் ட்ரெய்னர் ரூம், அதாவது பிள்ளைங்க அடிபட்டா, உடம்புக்கு முடியலைன்னா உடனே பார்த்துக்கற இடம். ரெண்டு ட்ரெய்னர் வேலை காலியாவே கிடந்துச்சு, இருந்த ஒருத்தர் நாலு டீமைப் பார்த்துட்டு இருந்தார், யாரும் அதைப் பத்திப் பேசவே இல்ல ஏன்னா ட்ரெய்னர் இல்லாதது ஸ்கோர்போர்டுல தெரியாது.

அது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு 2018ல மேரிலாண்ட் யுனிவர்சிட்டியில தெரிஞ்சுது. மே மாசக் கடைசியில பிராக்டிஸ் ஓட்டத்துல ஒரு ஃபுட்பால் பையன் ஹீட் ஸ்ட்ரோக்ல விழுந்தான், ரெண்டு வாரத்துல இறந்துட்டான், வயசு 19. ஹீட் ஸ்ட்ரோக்குக்கு வைத்தியம் ரொம்ப எளிமையானது, ஐஸ் தண்ணித் தொட்டியில உடனே இறக்கணும், முதல்ல குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு தான் ட்ரெய்னருங்களுக்கு சொல்லிக் குடுக்கறாங்க, அரை மணி நேரத்துக்குள்ள உடம்புச் சூட்டை இறக்கிட்டா கிட்டத்தட்ட எல்லாரும் பிழைச்சுடுவாங்க. அந்தப் பையனை யாரும் தொட்டியில இறக்கல. யுனிவர்சிட்டி பிரசிடென்ட்டே சட்டப்படியும் மனசாட்சிப்படியும் பொறுப்பு எங்களோடதுன்னு ஒத்துக்கிட்டார். எனக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்போ கை நடுங்குச்சு, ஏன்னா எங்க மைதானத்துலயும் ஆகஸ்ட் மாசம் தொட்டி ஒரு ஷெட்டுக்குள்ள காலியாக் கிடக்கும்.

புது ஏடி வந்து மூணு மாசம் எந்த அறிவிப்பும் விடல. பேப்பர்காரங்க கேட்டாங்க, துறைக்கு நன்கொடை குடுக்கற பெரிய டோனருங்க ஃபோன் மேல ஃபோன் பண்ணாங்க, அவங்க அசையல. காலையில ஆறு மணிக்கு வெயிட் ரூம்ல ஒரு ஓரமா உட்கார்ந்திருப்பாங்க. மெஸ்ல பிள்ளைங்க கூட சாப்பிடுவாங்க. கோச்சுங்க கிட்ட மேட்சைப் பத்திக் கேக்காம, நேத்து உங்க பிள்ளைங்க எத்தனை மணிக்குத் தூங்கினாங்கன்னு கேப்பாங்க. நிறைய கோச்சுங்களுக்கு பதில் தெரியல.

ஒரு தடவை பெண்கள் வாலிபால் டீம் கூட வெளியூர் மேட்சுக்கு பஸ்லயே போனாங்க. போக ஒன்பது மணி நேரம், மேட்ச் முடிஞ்சு ராத்திரியே திரும்பி, காம்பஸ் வந்து சேர்ந்தப்போ விடிகாலை நாலரை. அதுல ஒரு பொண்ணுக்கு எட்டு மணிக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பரீட்சை. பரீட்சையை மாத்தி வைக்கச் சொல்லி அவ யார்கிட்டயும் கேக்கல, கேட்டா கோச் கோவிச்சுப்பாங்கன்னு பயம், எழுதிட்டு வந்து என் ரூம்ல நாற்காலியிலயே தூங்கிட்டா. இது எதுவும் ரூலை மீறினது இல்லைங்கறது தான் கொடுமை. காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற என்.சி.ஏ.ஏ. அமைப்போட கணக்குப்படி சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம் தான் விளையாட்டு, ஆனா பஸ் பயணம் அந்தக் கணக்குல வராது, மேட்ச் நாள் முழுசுக்கும் வெறும் மூணு மணி நேரம்னு எழுதிக்கலாம். அப்போ காகிதத்துல எல்லாம் சரி, பிள்ளை மட்டும் தூங்கல. ஏடி அதை பஸ்ல உட்கார்ந்து பார்த்ததால அடுத்த வருஷ அட்டவணையில வார நாள் தூரப் பயணத்தை எல்லாம் முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டாங்க, எடுக்க முடியாத இடத்துல ஒரு ராத்திரி ஹோட்டலுக்கு காசு ஒதுக்கினாங்க.

அப்புறம் அந்த ரெண்டு மாத்தம். ட்ரெய்னருங்களும் டாக்டரும் இனிமே விளையாட்டுத் துறைக்குக் கீழ இல்ல, யுனிவர்சிட்டி ஹெல்த் சென்டருக்குக் கீழ. அட்வைசருங்க நாங்க ப்ரோவோஸ்ட் ஆபீசுக்குக் கீழ, அதாவது படிப்பு நிர்வாகம். எங்க சம்பளம், ப்ரோமோஷன் எதுலயும் எந்தக் கோச்சுக்கும் குரல் கிடையாது. கேக்க ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு வந்த ஃபோன்கள் எப்படி இருக்கும் தெரியுமா, "இவனுக்கு ஒரு ஈஸி கோர்ஸ் பார்த்துப் போடுங்க, சாயங்காலம் பிராக்டிஸ் இருக்கு"ன்னு. இஞ்சினியரிங் படிக்க வந்த பையன் லேப் மத்தியானம் இருக்குங்கறதுக்காக வேற மேஜருக்கு (பாடப்பிரிவுக்கு) போனதை நான் கண்ணால பார்த்திருக்கேன், அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டதும் நான் தான், அது இன்னைக்கும் உறுத்துது.

இந்தப் பாதை எங்க போய் முடியும்னு நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில பார்த்தோம். 1993லேர்ந்து 2011 வரைக்கும் க்ளாஸே நடக்காத பேப்பர் கோர்ஸ்கள், 3,100 பேருக்கு மேல அதுல சேர்ந்திருக்காங்கன்னு 2014ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுச்சு, அதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் விளையாடற பிள்ளைங்க, அவங்களை அங்க அனுப்பினதுல அட்வைசருங்களும் இருந்தாங்க. என் மாதிரி வேலையில இருந்தவங்க. அவங்க எல்லாரும் மோசமானவங்கன்னு நான் நம்பல, யாருக்குக் கீழ வேலை பார்க்கறோமோ அவங்க கேட்டதைக் குடுத்துட்டே போனா அங்க தான் போய் நிப்போம்.

படிப்பைக் கவனிச்சா ஜெயிக்க முடியாதுன்னு சொல்றவங்களுக்கு கனெக்டிகட் ஆண்கள் பேஸ்கட்பால் டீமை ஞாபகப்படுத்துவேன். 2011 சாம்பியன், ஆனா படிப்பு மதிப்பெண் குறைஞ்சதால 2013 தேசிய டோர்னமென்ட்ல சேர்க்கவே இல்ல, அதுக்கு அடுத்த வருஷம் 2014ல திரும்பி வந்து மறுபடி சாம்பியன்.

பணத்துக்கு வர்றேன். டிவில பார்க்கறவங்க இந்த யுனிவர்சிட்டிங்க எல்லாம் கோடி கோடியா சம்பாதிக்குதுன்னு நினைப்பாங்க. உண்மையில ஃபுட்பால்ல மேல் மட்டத்துல இருக்கற நூத்தி முப்பது சொச்சம் யுனிவர்சிட்டில சொந்த வருமானத்துல செலவைச் சமாளிக்கறது சுமார் ரெண்டு டஜன் தான் இருக்கும். மீதி எல்லாம் யுனிவர்சிட்டி பொதுப் பணத்துலயும் மாணவர்கள் கட்டற ஃபீஸ்லயும் ஓடுது, ஒரு மேட்சுக்குக் கூட போகாத பிள்ளையும் அந்த ஃபீஸ் கட்டுது. எங்க ஏடி மொத்தக் கணக்கையும் ஒரே தாள்ல போட்டு எல்லாக் கோச்சுங்க கையிலயும் குடுத்தாங்க, மாணவர் சங்கத்துக்கும் குடுத்தாங்க. அது வரைக்கும் பக்கத்து டீமுக்கு எவ்வளவு போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, அந்த சந்தேகமே பாதி சண்டைக்குக் காரணம்.

கேரண்டி கேம்னு ஒண்ணு இருக்கு, சின்ன யுனிவர்சிட்டி பெரிய யுனிவர்சிட்டி ஊருக்குப் போய் அடி வாங்கிட்டு வரணும், அதுக்கு பத்து லட்சம் டாலருக்கு மேல கூட குடுப்பாங்க. நாங்க ஒரு சீசன்ல மூணு ஆடினோம். நூத்தி முப்பது கிலோ இருக்கற முன் வரிசை ஆட்டக்காரங்க கூட மோதி எங்க பசங்க அடிபட்டு அக்டோபர்ல டீமே இருக்காது. ஏடி அதை ஒண்ணா குறைச்சாங்க, அந்தப் பணம் வராதுன்னு ரீஜென்ட்ஸ் (யுனிவர்சிட்டியோட ஆளுங்குழு) முன்னாடி நின்னு சொல்லிட்டுத் தான் குறைச்சாங்க.

ஒரு டீமை மூடவும் செஞ்சாங்க, அதை மறைக்க மாட்டேன். ஆண்கள் டென்னிஸ். பெண்கள் டீம்ல கை வைக்க, கல்வி நிலையத்துல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கற டைட்டில் நைன் சட்டம் (1972) சுலபமா விடாது, விடவும் கூடாது. 2020 ஜூலைல ஸ்டான்ஃபோர்டு 36 விளையாட்டுல 11ஐ மூடறோம்னு அறிவிச்சு, விளையாடற பிள்ளைங்க கேஸ் போட்டு, பழைய மாணவர்களும் கொதிச்சதும் 2021 மே மாசம் வாபஸ் வாங்குச்சு. அலபாமா மாநிலத்துல பர்மிங்ஹாம் ஊர்ல இருக்கற யூ.ஏ.பி. யுனிவர்சிட்டி 2014 டிசம்பர்ல ஃபுட்பாலையே மூடுச்சு, ஊர் மக்களும் கம்பெனிகளும் காசு திரட்டிக் குடுத்து ஆறு மாசத்துல முடிவை மாத்த வச்சாங்க, 2017ல திரும்பி வந்து எட்டு மேட்ச் ஜெயிச்சு 2018ல கன்ஃபரன்ஸ் (அவங்க ஆடற யுனிவர்சிட்டி குழு) சாம்பியனே ஆனாங்க. அதனால மூடறது தான் வழின்னு நான் சொல்ல மாட்டேன், எங்க டென்னிஸ் விஷயத்துலயும் ஒரு வருஷம் அவகாசம் குடுத்திருக்கலாம்னு அவங்க கிட்டயே சொன்னேன், அவங்க ஒத்துக்கல. ஆனா அந்தப் பசங்களை ரூம்ல உட்கார வச்சு நேர்ல சொன்னாங்க, இங்கயே இருந்து படிக்கறவங்களுக்கு டிகிரி முடியற வரைக்கும் ஸ்காலர்ஷிப் உண்டுன்னு எழுத்துல குடுத்தாங்க, திட்டினதை எல்லாம் கேட்டுட்டு நின்னாங்க.

இப்போ நிலைமை இன்னும் கஷ்டம். 2021 ஜூலைலேர்ந்து பிள்ளைங்க தங்களோட பேரை வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேர் குடுத்துட்டு வேற காலேஜ் போயிடலாம், 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட ஹவுஸ் செட்டில்மென்ட் (ஹவுஸ்ங்கற வீரர் என்.சி.ஏ.ஏ. மேல போட்ட கேஸோட சமரசம்) வந்தப்புறம் அதுல சேர்ந்துக்கற யுனிவர்சிட்டிங்க பிள்ளைங்களுக்கு நேரடியாவே காசு குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு (2025-26) 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும்னு வச்சாங்க. பிள்ளைங்களுக்கு அந்தக் காசு போறது நியாயம் தான், எத்தனையோ வருஷம் அவங்க உழைப்புல மத்தவங்க சம்பாதிச்சாங்க. ஆனா எங்களை மாதிரி இடம் காசுல போட்டி போட முடியாது, நல்ல டாக்டர், நல்ல தூக்கம், கையில டிகிரி, இதைக் காட்டித் தான் ஒரு பிள்ளையை இங்கயே தக்க வைக்க முடியும்.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, டெக்சஸ்ல இருக்கற எஸ்.எம்.யூ. யுனிவர்சிட்டி ஃபுட்பாலுக்கு, ஆட்டக்காரங்களுக்கு ரகசியமா காசு குடுத்ததால 1987ல தடை, 1989ல திரும்பி ஆடினாங்க, அடுத்த பௌல் மேட்ச் (நல்லா ஆடின டீமுங்களுக்கு சீசன் கடைசியில கிடைக்கற மேட்ச்) 2009ல தான். டோனருங்க மூணு வருஷத்துல கேப்பாங்க. ஏடி அதைத் தாங்கணும், பிரசிடென்ட் அவங்க பின்னாடி நிக்கணும்.

நான் வேலையை விடறதுக்கு முன்னாடி கடைசி ஆகஸ்ட்ல ஃபுட்பால் பிராக்டிஸ் பார்க்கப் போனேன். ஐஸ் தொட்டி ரெண்டு, நிரப்பி, மைதானத்து ஓரத்துலயே இருந்துச்சு. புதுசா வந்த ட்ரெய்னர் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், வெயிலையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கற மீட்டரைப் பார்த்துட்டு கையைத் தூக்கினா. ஹெட் கோச் வாட்சைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல, விசில் ஊதினார். நூறு பசங்களும் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நிழலுக்கு நடந்தாங்க. ஏடி அன்னைக்கு ஊர்லயே இல்ல.