படங்கு கட்டும் இடுப்பில் படர்தாமரை: தோல் வைத்தியரின் பதில்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இலங்கை மலையகத்திலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் அரிப்பைப் பற்றியவையே அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டொக்டர், மூன்று மாதமாக இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாகத் தடித்து அரிக்கிறது. பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் இரண்டு நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாகப் பரவுகிறது. இடுப்பில் படங்கு (நனையாமலிருக்கக் கட்டும் தடித்த விரிப்பு) கட்டி, மழையிலும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். (மஸ்கெலியா)

நீங்கள் எழுதியிருந்த கிறீமின் பெயரைப் பார்த்து மனம் பதறியது. அதில் பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், படர்தாமரைக்குக் காரணமான பங்கசை (பூஞ்சையை)க் கொல்லாது. தோலின் எதிர்ப்பு அடங்கிப்போவதால் பங்கசு தடையில்லாமல் பரவும். நாளடைவில் வட்டத்தின் விளிம்பே கலைந்து, பார்க்கும் வைத்தியருக்கும் அடையாளம் தெரியாமல் போய்விடும். இன்றே நிறுத்துங்கள். சில நாட்கள் அரிப்பு கூடலாம். பயந்து மறுபடி எடுத்துப் பூசிவிடாதீர்கள்.

வைத்தியசாலையில் சுரண்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வட்டத்தின் ஓரத்தைக் கூர் மழுங்கிய கத்தியால் மெல்லச் சுரண்டி, உதிரும் பொடியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விடுவோம். தோல் செதில்கள் கரைந்து தெளிந்ததும், நுணுக்குக்காட்டியில் கிளை பிரிந்த மெல்லிய நூல்கள் தெரியும். அதுதான் பங்கசு. வலியில்லாத, சில நிமிட வேலை. பங்கசு மருந்தைப் பூசிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் இருப்பதும் தெரியாமல் போகலாம். அதனால் எதைப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறிய வட்டமென்றால் ஸ்டீரொய்ட் கலக்காத குளொட்ரிமசோல் கிறீமை நாளுக்கு இரண்டு வேளை, வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும். மறைந்த பின்னும் ஒன்று முதல் இரண்டு வாரம் விடக்கூடாது. உங்களுக்குப் பரவிவிட்டதால் மாத்திரையும் தேவைப்படலாம். நனைந்த படங்கை அவிழ்த்ததும், முடிச்சு அழுத்திய இடத்தை முதலில் துடைத்து உலர்த்துங்கள். வீட்டில் வேறு யாருக்கும் அரித்தால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். ஒரே துவாயை எல்லோரும் பயன்படுத்தினால் சுகமானவருக்கும் திரும்ப வரும்.

ஏழு வயது மகனின் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் உதிர்கிறது. எண்ணெய் தேய்த்தும் பயனில்லை. (பண்டாரவளை)

இது தலைப் படர்தாமரையாக இருக்கலாம். பங்கசு முடியின் வேருக்குள் இருப்பதால் எண்ணெயோ கிறீமோ அங்கே போய்ச் சேராது. கிரைசியோபல்வின் அல்லது டெர்பினபின் என்ற மாத்திரையைப் பிள்ளையின் எடைக்கேற்ப வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். கிரைசியோபல்வினைக் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். தலையில் சீழ் வைத்ததுபோல வீங்கினால் கீறவேண்டாம், அதுவும் பெரும்பாலும் இதே நோயின் கோபமான வடிவம்தான். வீட்டில் பூனைக்குட்டிக்கு முடி உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதிலிருந்தும் தொற்றியிருக்கலாம்.

மகளின் முதுகில் வெளிறிய தேமல். கல்யாணம் நெருங்குகிறது. ஒட்டுமா? (தலவாக்கலை)

ஒட்டாது. எல்லோர் தோலிலும் வாழும் ஈஸ்ட் என்ற ஒருவகைப் பங்கசு பெருகியதால் வருவது. கீட்டோகோனசோல் ஷாம்பூவை முதுகில் தடவி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் அடங்கும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். ஆனால் வெளிறிய இடத்தில் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அது தேமலல்ல. தொழுநோய்ப் பரிசோதனைக்கு உடனே போகவேண்டும். குணமாகும் நோய்தான், தாமதிப்பதுதான் ஆபத்து.

அப்பாவின் கால்பெருவிரல் நகம் தடித்து மஞ்சளாகிவிட்டது. அவருக்கு நீரிழிவும் உண்டு. நாள் முழுவதும் கம்பூட்ஸ் போடுபவர். (பொகவந்தலாவை)

தடித்த நகமெல்லாம் பங்கசு அல்ல. நகத்துண்டை வெட்டி ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க நான்கு வாரம் வரை ஆகும். உறுதியானால் டெர்பினபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்றாக 12 வாரம். தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. புது நகம் முழுதாக வளர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். எனக்கு நகத்தைவிட அவருடைய விரலிடுக்குகளே கவலை. அங்குள்ள வெடிப்பு வழியாகக் கிருமி ஏறினால் நீரிழிவுக்காரரின் கால் வீங்கிக் காய்ச்சலே வந்துவிடும். இரவில் பூட்ஸைக் கவிழ்த்து உலரவைத்து, இடுக்குகளைத் துணியால் ஒற்றியெடுக்கச் சொல்லுங்கள்.

முள் குத்திய பாதத்தில் இரண்டு வருடமாகப் பாலுண்ணிபோல் வளர்கிறது. (ஹப்புத்தளை)

காயத்தின் வழியே மண்ணிலும் மரத்திலும் உள்ள கருநிறப் பங்கசு புகுந்திருக்கலாம். இலங்கையில் காணப்படும் நோய்தான் இது. சிறு துண்டை வெட்டிப் பார்த்தால் செம்புக் காசு நிறத்தில் உருண்டைகள் தெரியும். மாதக்கணக்கான மாத்திரை வேண்டியிருக்கும். சுண்ணாம்பு, அமிலம் எதையும் வைத்துச் சுடவேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள்.