35 கிலோ சர்வோ போட்டும் சக்கரம் திரும்பவில்லை, 60 கிலோ வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 என்ற ரிமோட் கிராலர் (பாறை ஏறும் குட்டி வண்டி) இருக்கிறது. முன் ஆக்ஸிலில் பித்தளை எடை போட்டிருக்கிறேன், மெத்தென்ற 1.9 இன்ச் டயர், 3எஸ் (மூன்று செல்) லிப்போ பேட்டரி. வண்டியோடு வந்த சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் குட்டி மோட்டார்) பாறை இடுக்கில் திணறியதால் 35 கிலோ என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி மாட்டினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கினால் திரும்ப மாட்டேன் என்கிறது, சில சமயம் வண்டியே ஒரு நொடி செத்து மறுபடி உயிர் பெறுகிறது. 60 கிலோ சர்வோ வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. சர்வோவுக்குப் பலம் இல்லை என்பதைவிட அதற்குச் சாப்பாடு போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த நிலைமையில் 60 கிலோ போட்டால் அது இன்னும் அதிகக் கரண்ட் கேட்கும், வண்டி இன்னும் அடிக்கடி சாகும்.

சாதாரண ஸ்டியரிங் சர்வோ பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரண்ட் எடுப்பதில்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி என்ற பெட்டிக்குள் பிஇசி என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அது பேட்டரி வோல்ட்டேஜை 6 வோல்ட் போல இறக்கி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குக் கொடுக்கிறது, ரிசீவர் வழியாகத்தான் சர்வோவுக்குப் போகிறது. வண்டியோடு வரும் ஈஎஸ்சிகளில் இந்தப் பிஇசி பெரும்பாலும் 3 ஆம்பியர் அளவுதான். சக்கரம் கல்லில் சிக்கி, சர்வோ திருப்பப் பார்த்தும் அசைய முடியாமல் நிற்கும் அந்தக் கணத்தில்தான் அது உச்சக் கரண்ட் இழுக்கிறது. பெரிய சர்வோ என்றால் 4, 5 ஆம்பியருக்கு மேலும் போகும். பிஇசியால் தாங்க முடியாமல் வோல்ட்டேஜ் சரிகிறது, அதே வயரில் தொங்கும் ரிசீவரும் மயங்கி விழுகிறது. கிரைண்டர் போட்டால் பல்பு மங்கும் வீடு மாதிரிதான்.

அப்புறம் அந்த 35 கிலோ. அது எந்த வோல்ட்டேஜில் என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 8.4 வோல்ட்டில் 35 கிலோ என்று இருந்தால், உங்கள் 6 வோல்ட்டில் அது சுமாராக 25 கிலோதான் தரும். பாரம் ஏறி வோல்ட்டேஜ் 5க்கு இறங்கினால் 20ஐ ஒட்டி வந்துவிடும், அதுவும் பெட்டியில் உண்மையை எழுதியிருந்தால். மலிவு சர்வோக்களில் ஒட்டும் எண்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

யூகத்தில் பணம் போட வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். ரிசீவரில் காலிச் சேனல் ஒன்றில் (இல்லையென்றால் இடது வலது சக்கரங்களை ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கின் சர்வோ வயரைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு அந்த இடத்தில்) பழைய சர்வோ வயர் ஒன்றைச் செருகி, அதன் சிவப்பிலும் கறுப்பிலும் மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்களை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நெருக்கி வைத்துவிட்டு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புங்கள், ஒரு நொடி போதும், பிடித்துக்கொண்டே இருந்தால் சர்வோ கருகும். 6க்குப் பக்கத்தில் இருந்த எண் 5க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி பிஇசிதான். சாதாரண மீட்டர் மெதுவாகத்தான் காட்டும் என்பதால் உண்மையான சரிவு நீங்கள் பார்ப்பதைவிட மோசமாகவே இருக்கும்.

தீர்வு, தனியாக ஒரு பிஇசி. காசில் கம்பெனியின் 10 ஆம்பியர் பிஇசியைப் பலரும் போடுகிறார்கள், அந்த அளவில் வேறு கம்பெனியுடையதும் சரிதான். ஆனால் மாட்டும் விதத்தில் கவனம் வேண்டும். பெரிய சர்வோவுக்கு ஏற்ற 7.4 வோல்ட்டை அதிலிருந்து ரிசீவருக்குள் விட்டால் அது அங்கிருந்து எல்லாச் சேனலுக்கும் போகும். உங்கள் டிஆர்எக்ஸ்-4இல் டிஃப் லாக்கையும் கியரையும் மாற்றும் குட்டி சர்வோக்கள் அதே ரிசீவரில்தான் இருக்கின்றன, அவை 6 வோல்ட்டுக்கு ஆனவை. ஸ்டியரிங்கைச் சரிசெய்யப் போய் டிஃப் லாக்கைப் பொசுக்குவானேன். அதனால் ஸ்டியரிங் சர்வோவின் சிவப்பு வயரை மட்டும் ரிசீவரிலிருந்து பிரித்து, புது பிஇசியின் சிவப்போடு சேருங்கள். சிக்னல் வயர் ரிசீவரிலேயே இருக்கட்டும். கறுப்பு மூன்றுக்கும் பொது, அதாவது சர்வோ, ரிசீவர், பிஇசி மூன்றின் கறுப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வோ கிறுக்குப் பிடித்த மாதிரி துடிக்கும். பிஇசியின் உள்ளீடு பேட்டரி இணைப்பிலிருந்து வர வேண்டும். இன்னொன்று, காசில் பிஇசி வரும்போது 5 வோல்ட்டை ஒட்டித்தான் வைக்கப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் இணைத்து 7.4 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இதை விட்டுவிட்டு “பிஇசி போட்டும் ஒன்றும் மாறவில்லை” என்று சொல்பவர்கள் நிறைய.

பேட்டரியிலிருந்து நேரடியாகவே கரண்ட் எடுக்கும் சர்வோக்களும் உண்டு, ஹோம்ஸ் ஹாபீஸ், ரீஃப்ஸ் போன்றவர்கள் விற்கிறார்கள். பிஇசி தொல்லையே கிடையாது. விலை அதிகம், 3எஸ் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும், முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ட். ஈஎஸ்சி ஸ்விட்சை அணைத்தாலும் இந்த சர்வோ பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம், ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பிஇசி போட்ட பிறகும் போதவில்லை என்றால் அப்போது சர்வோ வாங்குங்கள். உங்கள் எடைக்கும் டயருக்கும் 7.4 வோல்ட்டில் உண்மையான 25 முதல் 30 கிலோ தாராளம். ஸ்டீல் பல்சக்கரம் முக்கியம், கிராலரில் பல்லுக்குத்தான் அடி விழுகிறது. மோட்டார் பிரஷ்லெஸ் என்றால் சூடு குறைவு, ஆயுள் அதிகம். வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், 60 டிகிரிக்கு 0.15 முதல் 0.20 நொடி என்றால் பாறை ஏற அது போதும், வேகமான சர்வோ அதற்கும் சேர்த்துக் கரண்ட் தின்னும். ஹார்ன் (சக்கரத்தைத் திருப்பும் சின்னக் கை) மாட்டும் தண்டில் 25 பல் இருக்கிறதா என்று பாருங்கள், 23, 24 பல் உள்ளவையும் விற்கிறார்கள், உங்கள் ஹார்ன் அதில் உட்காராது.

கிலோ கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 25 கிலோ என்பது தண்டின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிக் கிடைக்கும் விசை. சக்கரத்துக்குப் போகும் லிங்க் கம்பியை ஹார்னில் 2 சென்டிமீட்டர் தள்ளிய ஓட்டையில் மாட்டினால் கிடைப்பது 12.5 கிலோதான். ஹார்னில் உள்பக்க ஓட்டைக்கு மாற்றினால் செலவில்லாமல் பலம் கூடும், சக்கரம் திரும்பும் கோணம் கொஞ்சம் குறையும், அது உங்களுக்குப் பரவாயில்லையா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சக்கரம் சிக்கியிருக்கும்போது சர்வோ மவுண்ட்டையும் உற்றுப் பாருங்கள். சர்வோ மொத்தமாகப் பக்கவாட்டில் நெளிந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பலம் பிளாஸ்டிக்கை வளைப்பதில் போகிறது. அலுமினிய மவுண்ட்டும் இறுக்கிப் பிடிக்கும் அலுமினிய ஹார்னும் அதற்கு மருந்து.

ஓட்டும் முறையிலும் ஒன்று இருக்கிறது. முன் டிஃப் லாக்கில் இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், அது திரும்புவதையே எதிர்க்கும். வழியிருக்கும் இடத்தில் முன் லாக்கை எடுத்துவிடுங்கள், நின்ற இடத்தில் திருப்பாமல் வண்டி ஒரு விரல்கடை நகரும்போது திருப்புங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எது மாட்டினாலும், ரிமோட்டில் ஸ்டியரிங்கின் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லையை) இரண்டு பக்கமும் அமைக்காமல் ஓட்டாதீர்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து முழுதாகத் திருப்புங்கள், நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) போய் முட்டிய பிறகும் சர்வோ உறுமிக்கொண்டே இருந்தால் உறுமல் நிற்கும் வரை அந்தப் பக்கத்து எண்ணைக் குறையுங்கள்.