இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆச்சு?

செல்லப்பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 31 வருடம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெரு நாய் நான்கு குட்டிகள் போட்டது. இன்றோடு 38 நாள். ஆண் குட்டிகள் இரண்டையும் கண் திறந்த உடனேயே 'எனக்கு, உனக்கு' என்று சொல்லி வைத்துப் போன வாரம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி இரண்டும் பெண். "மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வா, மீன் தலையைத் தின்னு பிழைச்சுக்கும்" என்கிறார் என் கணவர். பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் ஒருவர் இரண்டையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: மார்க்கெட்டை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. அங்கே ஏற்கெனவே நாய்கள் இருக்கும். 38 நாள் குட்டி இரண்டை அவை வா என்று கூப்பிட்டு மீன் தலையில் பங்கு கொடுக்காது. தவிர, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு மிருகத்தைக் கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவை மாட்டினால் அபராதம் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது. இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அதைச் சொல்லி உங்கள் வீட்டுக்காரரைப் பயமுறுத்த முடியாது என்று எனக்கும் தெரியும்.

வீடு கட்டுகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

திண்டிவனம் பக்கம் வேலையில் இருந்தபோது, மருந்தகத்துக்கு வந்த செவலைக் குட்டி ஒன்றை அப்படித்தான் ஒருவருக்குக் கொடுத்தேன். சிமென்ட் மூட்டைக்கும் கம்பிக்கும் காவல் வேண்டும் என்றார். குட்டி நன்றாகத்தான் வளர்ந்தது. மேஸ்திரி தன் சாப்பாட்டில் பாதியை அதற்குப் போடுவார். நான் அந்தப் பக்கம் போனால் மணல் குவியல் மேலிருந்து ஓடி வரும். கிரகப்பிரவேசம் முடிந்தது. டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் நாய்க்கு இடமில்லை. மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அதை யாரோ சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். குட்டியாக இருந்தபோது கழுத்தில் சுற்றிய கட்டுக்கம்பியை யாரும் அவிழ்க்கவே இல்லை. நாய் வளர்ந்துவிட்டது, கம்பி வளரவில்லை. தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டேன். அப்புறம் எங்கள் மருந்தகத்திலேயே பதினோரு வருடம் இருந்தது.

"வேலை முடிஞ்சதும் நாய் எங்கே இருக்கும்?" என்று அந்த மனிதரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்களிடம் கேட்பவரிடம் நீங்கள் கேளுங்கள். "இங்கேதான், போர்டிகோவுல, எங்க கூடவே" என்று யோசிக்காமல் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "பார்த்துக்கலாம்மா" என்றால் வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அனுபவத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. "இதுக்கு முன்னாடி நாய் வளர்த்தீங்களா? அது என்ன ஆச்சு?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "ஓடிப்போச்சு" என்றால் அந்த வீட்டில் கேட் சரியில்லை. "லாரியில அடிபட்டுச்சு, அதுக்கு முன்னாடி ஒண்ணு பஸ்ல" என்றாலும் அதேதான். "போன மாசம் ரத்தமா கழிஞ்சு ரெண்டு நாள்ல செத்துப்போச்சு" என்றால் அது பெரும்பாலும் பார்வோ. அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கு மசியாது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், தடுப்பூசி முழுதும் முடியாத குட்டியை அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு தடவை ஓர் அம்மா, "பதினாலு வருஷம் இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறெதுவும் கேட்காமல் குட்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் தெரிய வேண்டும். கூட்டுக் குடும்பம் என்றால் மாமியார் சம்மதம். சிரிக்காதீர்கள், மூன்றாம் நாள் திரும்பி வந்த குட்டிகளில் பாதி மாமியாரால் வந்தவை. பையன் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கேட்கிறவர்களையும், பரிகாரத்துக்குக் கறுப்பு நாய் தேடுகிறவர்களையும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பரிகாரம் முடிந்த பிறகு நாய் என்ன செய்யும்?

இப்போதே கொடுக்கவும் வேண்டாம். 56 நாள் தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருக்கட்டும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து கொடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி. முதல் ஊசியை நீங்களே போட்டு அட்டையைக் கையில் கொடுத்தால், வாங்குகிறவருக்கும் இது யாரோ பணம் செலவழித்த குட்டி என்ற எண்ணம் வரும். பசும்பாலை ஊற்றி ஊற்றி வயிற்றைக் கெடுத்துவிடாதீர்கள். குழைந்த சோறும் உதிர்த்த முட்டையும் போதும்.

பெண் குட்டியை யாரும் கேட்காததற்குக் காரணம் ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து வாசலில் ஏழெட்டு நாய்கள் வந்து நிற்கும் என்ற பயம். அந்தப் பயத்தை நீங்களே எடுத்துவிடலாம். "ஆறு மாசம் ஆனதும் கருத்தடை ஆபரேஷனுக்கு நான் அழைச்சுட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு குட்டியையும் ஒரே வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை.

கொடுக்கும் நாளில் அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லாதீர்கள். நீங்களே குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கேட், கிணறு, மொட்டை மாடிச் சுவர், தண்ணீர் வைக்கிற இடம் எல்லாம் பத்து நிமிஷத்தில் கண்ணில் பட்டுவிடும். சரியில்லை என்றால் அதே குட்டியோடு ஆட்டோ ஏறிவிடலாம், சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். தாய் படுத்த துணியில் ஒரு துண்டைக் கூடவே கொடுங்கள், ராத்திரி கத்துவது குறையும். "வேண்டாம்னு தோணுச்சுன்னா வேற யாருக்கும் கொடுக்காதீங்க, எனக்கே ஒரு போன் பண்ணுங்க" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். என் மனைவி இதை ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்தே வாங்குவாள். கோர்ட்டில் அது செல்லுமா என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள்தான் போன் செய்தார்கள்.

மாடிப்படிக்கு அடியில் தாய் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். பால் வற்றியதும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தெரு நாய்களுக்கு அதைச் செய்ய வேண்டியது நகராட்சியின் பொறுப்பு, முடிந்ததும் பிடித்த தெருவிலேயே விட வேண்டும் என்றுதான் மத்திய அரசின் 2023-ம் வருட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. இல்லாவிட்டால் அடுத்த குட்டிகளோடு எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

கேள்வி: தத்தெடுத்து வந்த இரண்டு மாதக் குட்டி விளையாட்டாகக் கடித்ததில் மகளின் விரலில் லேசாக ரத்தம் வந்தது. குட்டிதானே, ஊசி தேவையா?
- ஒரு தந்தை, ஓசூர்

பதில்: தேவை. குட்டிக்கும் வெறிநோய் வரும். இரண்டு மாதத்தில் அதற்கு இன்னும் ஊசியே போட்டிருக்க மாட்டீர்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்குள் கிளம்புங்கள், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்தாமல், சீட்டில் எழுதித் தரும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும்.

கேள்வி: 20 நகம் உள்ள குட்டிதான் ராசி என்று என் மாமா சொல்கிறார். உண்மையா?
- கல்லூரி மாணவர், தேனி

பதில்: முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, மொத்தம் 18. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் மாதிரி ஒன்று தொங்கும், அப்போது 20. அது தரையில் படாததால் தேயாமல் வளர்ந்து, வளைந்து சதையில் குத்தும். மாமாவிடம் நகவெட்டி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள்.